உறுதிப்படுத்தப்படாத பதினான்கு மாதங்கள்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது.

பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஆங்கிலத்தில் இருந்த ஓர் ஒப்பந்தத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். தோட்டப்புற மருத்துவ நிலையங்களில் வேலை செய்ய உடன்படும் தாதிகளுக்குப் படிப்புச் செலவைக் கடனாகக் கொடுக்கும் ஒரு நிதியத்தின் ஒப்பந்தம். நான்கு வருடம் வேலை செய்தால் கடன் முழுவதும் தள்ளுபடி. ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கு கழியும். நல்ல திட்டம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒன்பதாம் பிரிவில் இருந்த வாக்கியம் இது: பொறுப்பு வைத்திய உதவியாளரால் உறுதிப்படுத்தப்படாத மாதங்கள், சேவை செய்யாத மாதங்களாகவே கருதப்படும்.

மொழிபெயர்த்தேன். பணம் வந்தது. வாக்கியம் போகவில்லை.

அந்த வாக்கியத்துக்குள் ஒரு பெண்ணை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கவே எழுத உட்கார்ந்தேன். பெண்ணும் தோட்டமும் கதையில் வரும் நிதியமும் கற்பனை. தோட்டத்துக்குப் பெயர் வைக்காமல் விட்டது சோம்பலால் அல்ல. பெயர் வைத்தால், "எங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை" என்று மற்ற எல்லாத் தோட்டங்களும் சொல்லிவிடும்.

2

தொடக்கங்கள்.

"பனி இறங்கிக்கொண்டிருந்த அக்கரப்பத்தனை மலையில், வெள்ளைச் சீருடை அணிந்த ஒரு தேவதையைப் போல அவள் —"

நிறுத்தினேன். சுற்றுலா விடுதியின் சுவரில் மாட்டும் படம் இது. அவளுக்குக் குளிரும். சீருடைக்கு மேல் அண்ணனுடைய பழைய ஜேர்சியைப் போட்டிருப்பாள்.

"பிரேமினி அழுதாள்."

அடுத்த வரி ஏன் என்று சொல்லவேண்டும். பல நாள் காத்திருந்தேன். அவள் அழவில்லை. வரியை அடித்தேன்.

"கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது."

இது நிற்கும்.

3

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிரேமினி அதைக் காயத்துக்குக் கட்டுப் போடும் மேசையில் வைத்து, நின்றபடியே படித்தாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில். நிதியத்தின் கடனில் தாதிப் படிப்பு முடித்து, அதே தோட்டத்தின் டிஸ்பென்சரிக்குத் திரும்பி நாற்பத்தெட்டு மாதம் வேலை செய்தாள். கணக்குப்படி அந்தச் செவ்வாயோடு அவளுக்குக் கடன் இல்லை.

கடிதம் வேறு கணக்குச் சொன்னது. முப்பத்துநான்கு மாதங்கள் உறுதிப்படுத்தப்பட்டுள்ளன. பதினான்கு மாதங்களுக்கு வைத்திய உதவியாளரின் சான்று இல்லை. அந்தப் பதினான்கு மாதங்களுக்கு உரிய இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாயை முப்பது நாட்களுக்குள் கட்டவேண்டும். தவறினால் பிணையாளியிடம் அறவிடப்படும்.

பிணையாளி மீனம்மா. பிரேமினியின் இறந்துபோன அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். அடுத்த மாதம் வேலையிலிருந்து நிற்கிறார். முப்பத்தெட்டு வருடத்துக்கான சர்வீஸ் காசு அவர் கைக்கு வரும். அதில் வீடு கட்டுவதற்காக, லயத்துக்குக் கீழே கிடைத்த ஏழு பேர்ச் காணியில் அத்திவாரம் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் காசுக்கு வெளியே மீனம்மாவிடம் ஒன்றும் இல்லை.

பிரேமினிக்கும் ஒன்று காத்திருந்தது. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அடுத்த மாதம் முதலாம் திகதி சேரவேண்டும். அதற்குத் தாதிச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். அது நிதியத்தின் இரும்பு அலுமாரியில் இருந்தது. கடன் கழிந்தால்தான் வெளியே வரும்.

பதினான்கு மாதங்களும் அவள் அங்கேதான் இருந்தாள். ஒரு நாள் கூட டிஸ்பென்சரி பூட்டப்படவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய ஆள்தான் இல்லை.

4

ஆள் பெயர் விஜிதரன். தோட்டத்து வைத்திய உதவியாளர். எல்லோரும் டொக்டர் ஐயா என்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வத்தளைக்கு லீவில் போனார். திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அங்கே அவருக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருந்தது. தோட்டம் வேறு ஆள் போடவில்லை. கதவில் இருந்த பெயர்ப்பலகையையும் கழற்றவில்லை.

அவர் போய் மூன்றாவது வாரம் வினோதா வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. தலையிடி, கண் மங்கல். பிரேமினி பிரஷர் பார்த்தாள். நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஒரு துண்டு* எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, லொறிக்கு அனுப்பினாள்.

(* துண்டு என்றால் டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஒரு தாளில் இரண்டு பாதி. வெளிப்பாதி கிழிந்து போகும். உள்பாதி புத்தகத்தில் தங்கும். காய்ச்சல்காரிக்கு மூன்று நாள் ஓய்வு வேண்டுமா, கர்ப்பிணியைச் செங்குத்து மலையிலிருந்து இறக்கவேண்டுமா, லொறி நகரவேண்டுமா, எல்லாவற்றுக்கும் துண்டு. துண்டு இல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் வரவுப் பதிவேட்டில் பெயரை வெட்டிவிடுவார்கள். கீழே டொக்டர் ஐயாவின் கையெழுத்து இருக்கவேண்டும். இந்தக் கதையில் இது ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.)

இருபது நிமிடத்தில் வினோதா திரும்பி வந்தாள். வேலைக்கு ஆள் பிரிக்கும், லொறி நிற்கும் பெரட்டுக் களத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு ஏற்றம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கணக்கப்பிள்ளை திருப்பிட்டாரு மிஸ்ஸி. ஐயா கையெழுத்து இல்லையாம்."

"ஐயா இல்லன்னு சொன்னீங்களா?"

"அவருக்குத் தெரியாதா. ஆளு இல்லாட்டி பரவாயில்லயாம். கையெழுத்து வேணுமாம்."

பிரேமினி இன்னொரு துண்டு எழுதினாள். கீழே விஜி என்று போட்டு, அவர் போடுவதுபோல ஒரு கோடு இழுத்தாள். பத்து நிமிடத்தில் லொறி வாசலுக்கு வந்தது.

வினோதா பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. இதை உடனே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் உயிரை வைத்து உங்களை இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை.

5

இங்கே எனக்கு அவள் மீது சந்தேகம் வந்தது.

முதல் துண்டுக்கு நியாயம் இருக்கிறது. யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் பதினான்கு மாதத்தில் அவள் போட்டது அறுநூற்றுப் பன்னிரண்டு. காய்ச்சலுக்குப் போட்டாள். அட்டை கடித்துச் சீழ் வைத்த காலுக்குப் போட்டாள். புருஷன் அடித்துக் கை வீங்கியவளுக்கு, "வழுக்கி விழுந்தது" என்று எழுதியும் போட்டாள். எங்கேயோ ஓர் இடத்தில் அது நியாயம் என்பதிலிருந்து பழக்கம் என்பதற்கு மாறியிருக்கும். அந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது.

[அவளைக் காப்பாற்ற இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும் அவளுடைய கை நடுங்கியது என்று. பொய். நடுங்கவில்லை. பத்தியை எடுத்துவிட்டேன்.]

வேறு ஆள் போடச் சொல்லித் தோட்ட அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினாள் என்பது உண்மை. நான்குக்கும் பதில் வரவில்லை என்பதும் உண்மை. ஐந்தாவது எழுதவில்லை என்பதும்.

தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்துக்கு நிற்கும் வரிசையில் அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது.

"ஏன் மிஸ்ஸி, ஐயா வத்தளையில இருந்து கையெழுத்த பஸ்ஸுலயா அனுப்புறாரு?"

"பஸ்ஸுல இல்லடி. கனவுல வந்து போட்டுட்டுப் போறாரு."

"நல்ல மனுசன். இங்க இருந்தப்ப இம்புட்டு வேல செய்யல."

பிரேமினியும் சிரித்தாள். குனிந்து எழுதிக்கொண்டே சிரித்தாள்.

பதினைந்தாவது மாதம் புது வைத்திய உதவியாளர் வந்தார். தன் காலத்துக்குச் சான்று கொடுத்தார். தான் இல்லாத காலத்துக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அது சரிதான். அவரும் இந்த மாதக் கடைசியில் போகிறார்.

6

கடிதத்தை எடுத்துக்கொண்டு பிரேமினி தோட்ட அலுவலகத்துக்குப் போனாள். பெரிய கிளாக்கர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசன? விஜி ஐயாவுக்கு ஒரு போன் கோல் எடுங்க. பதினாலு மாசத்துக்கும் சான்று போட்டுத் தருவாரு."

"அவரு இருக்கலையே."

"நம்ம கடதாசியில இருந்தாரு." குரலைத் தணித்தார். "மெனேஜர் தொர மேலிடத்துக்கு ஆள் இருக்குன்னுதான் எழுதியிருக்காரு. நீங்க வேற ஏதாவது சொல்லப்போயி தொர பேரு வெளிய வந்துறக் கூடாது. ஒங்களுக்கும் நல்லம் இல்ல."

வெளியே வந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அழைத்தாள். அங்கேதான் சிக்னல் வரும். விஜிதரன் இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க மிஸ்ஸி. கிளாக்கர் இப்பதான் பேசினாரு. பதினாலா? வேணும்னா பதினஞ்சாவே போட்டுத் தர்றேன்."

"பதினாலு போதும் ஐயா."

"படிவத்த நெரப்பி அனுப்புங்க. திகதி மட்டும் சரியா போடுங்க. எனக்கு எது எப்பன்னு ஞாபகம் இல்ல." சிரித்தார். "என் கையெழுத்த நல்லாத்தான் போட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கே ஒரு துண்டு எழுதிக் குடுங்க. இங்க லீவு தர மாட்டேங்கிறாங்க."

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை இலகுவானது. அதனால் திரும்ப நல்லவராக்கினேன்.

ஆகவே பிரேமினியின் முன்னால் இரண்டு கட்டு. ஒன்று, டிஸ்பென்சரி அலுமாரியில் இருக்கும் ஏழு துண்டுப் புத்தகங்கள். அவற்றில் அவள் செய்த வேலை இருக்கிறது. கையெழுத்து பொய். மற்றது, வத்தளையிலிருந்து வரப்போகும் பதினான்கு சான்றுகள். அவற்றில் கையெழுத்து உண்மையாக இருக்கும். அவர் பார்த்ததாகச் சொல்வது நடக்கவே இல்லை.

முதலாவதைக் காட்டினால் அவளுடைய தாதிப் பதிவே போகலாம். இரண்டாவதைக் காட்டினால் எல்லாம் முடிந்துவிடும். மீனம்மாவின் சுவர் எழும்பும். கண்டிக்குப் போகலாம்.

அன்று மத்தியானமே அவள் படிவங்களை நிரப்பத் தொடங்கினாள்.

ஆம், தொடங்கினாள். அவள் அப்படிச் செய்யமாட்டாள் என்று நினைத்திருந்தீர்களானால், தவறு என்னுடையது. முதல் பக்கங்களில் அவளை அதிகம் நல்லவளாக எழுதிவிட்டேன்.

7

பதினொரு படிவம் முடிந்திருந்தபோது நிலக்ஷி உள்ளே வந்தாள். வினோதாவின் தங்கை. அதே நிதியத்தின் கடனில் படித்து, இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே டிஸ்பென்சரியில் சேர்ந்தவள். அவளுக்குப் பிணை நின்றது வினோதா.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இந்த ஐயாவும் போனப்புறம் துண்டுல யாரு பேரு போடுறது? இவரு கையெழுத்து ரொம்பக் கஷ்டமா இருக்கு. விஜி ஐயாவோடதயே போடட்டா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். நீங்க அப்பிடித்தானே போட்டீங்க." நிலக்ஷியிடம் ஒளிவு எதுவும் இல்லை. மருந்துப் பெட்டியின் அட்டை ஒன்றை மேசையில் வைத்தாள். "போட்டுப் பாத்தேன். சரியா இருக்கா?"

அட்டையில் ஐந்து முறை விஜி என்று எழுதியிருந்தாள். நான்காவது நன்றாக வந்திருந்தது.

பிரேமினி அட்டையைக் கையில் எடுத்தாள்.

"கோடு கொஞ்சம் நீளமோ?" என்றாள் நிலக்ஷி.

"நீ போயி அந்த ட்ரெஸ்ஸிங் டிரேய கழுவு."

மிச்சம் மூன்று படிவங்களைப் பிரேமினி நிரப்பவில்லை. நிரப்பிய பதினொன்றையும் கிழிக்கவும் இல்லை. கிழித்திருந்தால் நல்ல காட்சியாக இருந்திருக்கும். அவள் அவற்றை ஒழுங்காக அடுக்கி, இழுப்பறையில் வைத்து, ஏழு துண்டுப் புத்தகங்களையும் வெளியே எடுத்தாள். முதல் புத்தகத்தின் முதல் தாளிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கை எனக்கு அவளிடமிருந்துதான் கிடைத்தது.

8

இந்த இடத்தோடு கதையை முடித்துவிட்டேன். ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிரேமினியின் மனச்சாட்சிக்கு மீனம்மாவின் காசை நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ஆகவே பிரேமினியை ஏழு பேர்ச் காணிக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மீனம்மா அத்திவாரத்தின் மேல் உட்கார்ந்து, சீமெந்துக் கற்களுக்கு இடையில் முளைத்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வா. அங்கன உக்காராத, அது சாமி ரூம்பு. இந்தப் பக்கம் உக்காரு, இது குசினி."

பிரேமினி குசினியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம், கிளாக்கர், வத்தளை, துண்டுப் புத்தகம். மீனம்மா புல் பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"ஐயா கையெழுத்துத் தர்றேங்கிறாரு. சும்மா கெடைக்குது. வாங்கிக் குடுத்துட்டுக் கண்டிக்குப் போ. இதுல எங்கிட்டக் கேக்க என்னா இருக்கு?"

"அது பொய் அத்த."

"நீ போட்டது மட்டும்?"

"அதுவும்தான். அதத்தான் நிதியத்துல போயி சொல்லப் போறேன்."

மீனம்மா இப்போது நிமிர்ந்தார்.

"பிள்ள, எம் பேருல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. ரேசன் கார்டுல கூட அவரு பேருதான் மேல. மொத மொதலா எம் பேருல ஒரு செவரு எழும்பப் போவுது. நீ உண்ம பேசுறதுன்னா பேசு. அதுக்கு எஞ் செவர ஏன் கேக்குற?"

இதற்குப் பதில் எழுத எனக்குப் பதினொரு நாள் ஆனது. எழுதியவை:

"உண்மைதான் அத்தை பெரிய —" (அடித்தேன். இதைச் சொன்னால் மீனம்மா புல்லை அவள் முகத்தில் எறிவார்.)

"உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன்." (அடித்தேன். அவளிடம் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் இல்லை.)

கடைசியில் பிரேமினி சொன்னது இது:

"அந்தப் பதினாலு மாசத்தயும் நான் திரும்பச் செய்றேன் அத்த. காசுக்குப் பதிலா சேவை செய்யலாம்னு கடிதத்துல ஒரு வரி இருக்கு. கண்டி வேணாம். ஒங்க காசத் தொட விடமாட்டேன்."

மீனம்மா யோசித்தார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்துத் தராசின் முள்ளைப் பார்த்து, நிறுத்தவர் சொன்ன கிலோவை நம்பாதவர் அவர்.

"செய்வ. சரி. செஞ்சதுக்கு யாரு கையெழுத்துப் போடுவா? இந்த ஐயாவும் போறாரே."

அது பிரேமினிக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தோன்றவில்லை. ஆள் இல்லாத டிஸ்பென்சரியில் இன்னும் பதினான்கு மாதம் செய்தாலும் அவை சேவை செய்யாத மாதங்கள்தான்.

"அப்ப அந்தச் சின்னவ?" என்றார் மீனம்மா. "நிலக்ஷி. அவளுக்கும் இப்பிடித்தானா?"

"இப்பிடித்தான்."

"வினோதாவுக்கும் கடுதாசி வரும்."

"நாலு வருசங் கழிச்சு வரும்."

மீனம்மா கையில் இருந்த மண்ணைச் சேலையில் தட்டினார். அவர் மனம் மாறவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவருக்கு இன்னமும் வத்தளைக் கையெழுத்துத்தான் சரி என்று பட்டது. ஆனால் முள் சரியில்லாத தராசில் யார் கொழுந்தை வைத்தாலும் குறையும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"எப்ப போற?"

"வியாழக்கெழம."

"நானும் வர்றேன். ஒன்ன நம்பி இல்ல. அந்த ஆபீஸ்காரன் மூஞ்சிய நான் பாக்கணும். அவனும் என் மூஞ்சியப் பாக்கணும்."

9

வியாழனுக்கு முன்னால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நிதியத்தின் அதிகாரி எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுக்கிறார். ஒன்பதாம் பிரிவு திருத்தப்படுகிறது. — இல்லை. நான் அந்தப் படிவத்தோடு மூன்று வாரம் இருந்தவன். ஒரு காற்புள்ளியை மாற்றவே இரண்டு கூட்டம் வைத்தார்கள்.

இன்னொன்றில் பிரேமினியின் பதிவு பறிபோகிறது. அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள். நீங்கள் கோபப்படுவீர்கள். புத்தகத்தை மூடுவீர்கள். தேநீர் குடிப்பீர்கள்.

விஜிதரன் மனம் திருந்தி வத்தளையிலிருந்து முதல் பஸ்ஸில் — வரமாட்டார்.

மீனம்மாவுக்கு லொத்தர்ச் சீட்டில் —

போதும்.

10

வியாழக்கிழமை காலை அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறினார்கள். லிந்துலை தாண்டும்வரை மீனம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நானுஓயாவில் ஒரு கறி பணிஸ் வாங்கிப் பாதியைப் பிரேமினிக்குக் கொடுத்தார். கோபம் போனதால் அல்ல. பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

நிதியத்தின் அலுவலகம் நுவரெலியாவில் ஒரு கடையின் மேல்மாடியில். வெளியே காத்திருப்பவர்கள் உட்கார ஒரு வாங்கு. அதிகாரியின் பெயர் றோலண்ட். ஐம்பதை நெருங்கும் வயது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர், மெதுவாகப் பேசுபவர். முதலில் பிணையாளியின் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார். மீனம்மா போட்டார். போட்டுவிட்டு அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நீங்க வெளிய இருங்கம்மா."

"இருக்கேன். கிட்டத்தான் இருக்கேன்."

கதவு மூடியது. பிரேமினி பையிலிருந்து ஏழு புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தாள். மேலே தன் கையால் எழுதிய ஒரு தாள். அதில் மூன்று கோரிக்கை. இந்தத் துண்டுகளைக் கொண்டு பதினான்கு மாதங்களைக் கணக்கில் எடுக்கவேண்டும். வைத்திய உதவியாளர் இல்லாத இடத்தில் தாதியின் கையெழுத்தை ஏற்கவேண்டும். முடிவு வரும்வரை பிணையாளியிடம் காசு கேட்கக்கூடாது.

றோலண்ட் தாளைப் பிறகு பார்க்கலாம் என்று ஓரமாக வைத்தார். முதல் புத்தகத்தைப் பிரித்தார். இரண்டாவதைப் பிரித்தார். அவர் முகம் தெளிந்தது.

"என்னம்மா, இத முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே. எல்லாத்துலயும் விஜிதரன் கையெழுத்து இருக்கே. திகதியும் இருக்கு. அவரு அங்க இருந்திருக்காரு. மாசாமாசம் சான்று அனுப்ப மறந்துட்டாரு, அவ்வளவுதான். இத வச்சே பதினாலு மாசத்தயும் எடுத்துறலாம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுதிப் பார்த்த நான்கு முடிவுகளிலும் இது இல்லை. அவள் பொய் சொல்லவேண்டியதில்லை. வத்தளைக்குப் படிவம் அனுப்பவேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். சான்றிதழ் அலுமாரியிலிருந்து வெளியே வரும். வெளியே வாங்கில் இருப்பவரின் சுவர் எழும்பும். பிறகு நிலக்ஷி நான்காவது மாதிரியைப் போடத் தொடங்குவாள்.

நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன்.

"அது அவரு போட்டது இல்ல சேர்," என்றாள் பிரேமினி. "நான் போட்டது."

றோலண்ட் நிமிர்ந்தார்.

"எது?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"அறுநூத்திப் பன்னண்டு. கடைசிப் பக்கத்துல கூட்டி வச்சிருக்கேன். அவரு பதினாலு மாசமும் தோட்டத்துல இல்ல. ஆள் போடச் சொல்லி நாலு கடிதம் குடுத்தேன், போடல. எங் கையெழுத்துக்கு லொறி வராது சேர். அதனால அவரோடத போட்டேன். வேல நான் செஞ்சது. ஒவ்வொண்ணுலயும் ஆளோட பேரு இருக்கு, லயம் நம்பர் இருக்கு. போயி கேக்கலாம்."

றோலண்ட் புத்தகத்தை மூடினார். பிறகு மறுபடி திறந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு கரட் மூட்டைக்குச் சிங்களத்தில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொன்னத நான் கேக்காத மாதிரியும் இருக்கலாம்," என்றார் கடைசியில்.

"கேட்டீங்கதானே சேர்."

"கேட்டேன்." நெற்றியைத் தடவினார். "இத நான் எழுதினா ஒங்க பதிவ விசாரிப்பாங்க. எழுதாட்டி எல்லாம் இப்பவே முடியும். நீங்களும் போகலாம், அந்த அம்மாவும் போகலாம். சொல்லுங்க. என்னா எழுத?"

"பாத்தத எழுதுங்க. அந்தத் தாளையும் சேத்து அனுப்புங்க. அடுத்த மாசத்துல இருந்து அங்க இருக்கப்போறது நிலக்ஷி. அவ எங்கிட்டக் கையெழுத்துப் பழகக் கேக்குறா."

றோலண்ட் இழுப்பறையிலிருந்து ஒரு அறிக்கைத் தாளை எடுத்தார். அதன் கீழ்ப்பகுதியில் "அதிகாரியின் அவதானிப்பு" என்று ஒரு கட்டம். உள்ளே நான்கு கோடுகள். பேனாவைத் திறந்தார்.

இங்கே நிறுத்துகிறேன்.

எனக்கு முடிவு தெரியாது என்று நடிக்கப்போவதில்லை. என்னிடம் நான்கு இருந்தன, நான்கும் உதவவில்லை. றோலண்டுக்கு என்ன எழுதுவது என்று என்னால் சொல்லிக் கொடுக்க முடியும். அப்படிச் சொல்லிக் கொடுத்தால் அது என் கையால் போட்ட அவர் கையெழுத்தாக இருக்கும். அதை நான் இந்தக் கதையில் செய்யக்கூடாது.

புத்தகங்களை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். வினோதாவின் துண்டைப் பார்த்தீர்கள். வழுக்கி விழாதவளின் துண்டையும் பார்த்தீர்கள். எது பொய், எது வேலை என்று உங்களுக்குத் தெரியும். நான்கு கோடுகள்தான் இருக்கின்றன. சுருக்கமாக எழுதவேண்டும்.

எழுதி முடித்ததும் கதவைத் திறந்து, எழுதியதை மீனம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் வாங்கில்தான் இருக்கிறார். உங்கள் முகத்தைப் பார்ப்பார்.